பிடிக்கும் கையின் சரித்திரம்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வெட்டும் உளியின் பெருமையைத்தான் எழுதினார்கள். வெட்டுப்படும் பொருளை அசையாமல் பற்றிக்கொண்டிருந்த கையை அவர்கள் அதிகம் நினைக்கவில்லை. இன்று அந்தக் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இதற்கு என் பழைய தோல்வி ஒன்று காரணம். படிக்கின்ற காலத்தில், மெல்லிய எஃகு வளையம் ஒன்றைக் கடைசல் யந்திரத்தில் ஏற்றி, அதன் உட்புறத்தைக் கடைந்தேன். யந்திரத்தில் இருந்தபடியே அளந்தேன். வட்டம் குறைவின்றி இருந்தது. சக்கைத் தளர்த்தி வளையத்தை வெளியே எடுத்து மறுபடி அளந்தேன். வட்டத்தைக் காணோம்! தாடைகள் அழுத்திய மூன்று இடங்களிலும் உட்புறம் வெளிநோக்கி விலகியிருந்தது. கடினமான மூன்று தாடைகள் வளையத்தை மூன்றே இடங்களில் நெருக்கின. நெருக்குண்டு கோணிய வளையத்தில் நான் வட்டம் வெட்டினேன். பிடி விட்டதும் எஃகு தன் இயல்புக்குத் திரும்பிற்று. பொருளும் வீண், அரை நாள் உழைப்பும் வீண்.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த கடைசல் யந்திரத்தில், உளி தொழிலாளியின் கையில் இல்லை. நகரும் இரும்புத் தாங்கியில் இருந்தது. இதை எல்லா நூல்களும் போற்றும். 1830-இல் அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் என்பவர் சக்கு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றதையோ, அவருடைய மருமகன் குஷ்மன் அத்தொழிலை மேலும் வளர்த்ததையோ எத்தனை பேர் அறிவார்கள்? மாமனாரும் மருமகனும் ஒரே கவலையில் ஆயுளைக் கழித்தார்கள் என்றால் அந்தக் கவலை சிறியதாக இராது!

ஆயினும் சக்கின் தாடை கடினமானது. எந்தப் பொருள் வந்தாலும் அது தன் வடிவத்தையே அதன்மேல் திணிக்கும். இதற்குத் தொழிலாளர் கண்ட மாற்றைப் பட்டறைகளில் ‘சாஃப்ட் ஜா’ என்பார்கள். நாம் மென்தாடை எனலாம். கடினமாக்கப்படாத எஃகிலோ அலுமினியத்திலோ தாடை செய்து சக்கில் பூட்டுவார்கள். ஒரு வளையத்தைக் கவ்வச் செய்து இறுக்கி, அந்த இறுக்கத்திலேயே, பிடிக்கவேண்டிய பொருளின் விட்டத்துக்குத் தாடையையே கடைந்துவிடுவார்கள். தாடை எந்த அச்சில் சுழன்று வெட்டுப்பட்டதோ, அதே அச்சில் பொருளும் வந்து அமரும். சக்கின் பிசகு அந்த வெட்டிலேயே கழிந்துபோகும். எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்!

உருண்டைப் பொருளுக்கு இது போதும். வளைவும் நெளிவுமான பொருளுக்கு என்ன செய்வது? நெடுங்காலம் அரமும் அச்சுத் தகடும் பொறுமையுமே துணையாக இருந்தன. விடை, விமானத் தொழிலிலிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகத் துளையட்டை யந்திரத்தில் கணக்கிட்டு, அந்த எண்களின்படி வெட்டும் முறையை வகுத்தார். 1949-இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் அளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அப்பணியில் சேர்ந்து, எண்களால் இயங்கும் மில்லிங் யந்திரத்தை 1952-இல் இயக்கிக் காட்டினார்கள். 1959-இல் அதே கழகத்தார், யந்திரத்துக்குக் கட்டளையிடும் ‘ஏப்டி’ என்னும் மொழியை அறிமுகம் செய்தபோது, அம்மொழியால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களைப் பத்திரிகையாளருக்குப் பரிசளித்தார்கள். 1963-இல் ஐவன் சதர்லண்ட் ஒளிப்பேனாவால் கணிப்பொறித் திரையில் வரைந்து காட்டினார். 1970-களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு முதலியோர், கோடுகளை மட்டுமின்றித் திண்மையையே கணிப்பொறிக்குள் அமைத்தார்கள். ஒரு திண்மத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம் என்றாயிற்று. தருக்கத்தைக் கணிதமாக்கி 1854-இல் நூல் எழுதிய ஜார்ஜ் பூலின் பெயரால் இச்செயல்களை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் கழித்தல்தான் மென்தாடைக்கு உயிர் தந்தது. ஒரு பாகத்தின் முதற்புறத்தைச் செதுக்கும்போது கச்சாக் கட்டியை வைஸ் பற்றிக்கொள்ளும், கவலையில்லை. பாகத்தைத் திருப்பி மறுபுறம் செதுக்க வேண்டும்போதோ, பற்றிக்கொள்ளச் சமதளமே எஞ்சியிராது. அப்போது கேட் என்னும் வரைவு மென்பொருளில் இரண்டு அலுமினியக் கட்டிகளை வரைந்து, நடுவே பாகத்தின் உருவை வைத்துக் கழித்துவிடுவார்கள். பாகம் அமரத்தக்க பள்ளம் தானே பிறக்கும். இரு கட்டிகளுக்கும் இடையே சிறிது வெளி விடவேண்டும். இல்லையேல் பாகத்தை நெருக்குமுன் தாடைகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். மூலைகளிலும் எச்சரிக்கை தேவை. சுழலும் கருவி உருண்டையானது; அதனால் பள்ளத்தின் உள்மூலையைக் கூர்மையாக வெட்ட இயலாது. பாகத்தின் கூர்மூலை அங்கே இடித்து நிற்கும். ஆகவே மூலைதோறும் ஒரு சிறு துளை இட்டுவைப்பார்கள். கணினியை நம்பி இதை மறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நானும் ஒருவன்.

பிறகு கேம் என்னும் மென்பொருள் கருவி செல்லும் பாதையை வகுக்கும். கட்டிகளை வைஸில் பூட்டி, இடையே ஒரு துண்டை வைத்து இறுக்கி, அதே யந்திரத்திலேயே பள்ளத்தை வெட்டுவார்கள். தாடையை வெட்டிய தொடக்கப் புள்ளியே பாகத்துக்கும் தொடக்கப் புள்ளி. ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக இடம் தேட வேண்டியதில்லை.

அண்மையில் அந்தப் பழைய வளையத்தின் அளவிலேயே இன்னொன்று கடைய நேர்ந்தது. அதை ஏறக்குறைய முழுதும் சூழும்படி மூன்று அகன்ற அலுமினியத் தாடைகளை வரைந்து, சக்கில் பூட்டிக் கடைந்தேன். மெல்ல இறுக்கி, உட்புறம் கடைந்து, தளர்த்தி, வெளியே எடுத்து அளந்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது. அத்தாடைகளின் முதுகில் எண் பொறித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னும் நான்கைந்து முறை கடைவதற்கு அவற்றில் கனம் இருக்கிறது.