ஏர் பூட்டும் முன்னே என்ன மரம் நின்றது?

உங்கள் நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது. ஆனால் முதன்முதலில் அங்கே ஏர் பூட்டும் முன்னே என்ன மரம் நின்றது? எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது இல்லை. அதையும் தேடிப் படமாக வரைந்தவர்கள் உண்டு. அந்தக் கதையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

நிலத்தைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் முன்னோர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். பிற்காலத்தில், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சாம்பியன் என்ற ஆங்கிலேயர், இந்தியா, பர்மா இரண்டின் காடுகளையும் வகைப்படுத்தி 1936-ல் வெளியிட்டார். 1968-ல் சேத் என்பவரோடு சேர்ந்து அதைத் திருத்தி, 16 பெரும் வகைகளாக அமைத்தார். அதில் 7-வது வகை நம் கடற்கரைப் பக்கத்துக் காடு. 'உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர்.

இது ஒரு விடுகதை மாதிரி. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் காடு என்றால், மேற்குத் தொடர்ச்சி மலை போல 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏறக்குறைய 1200-தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். ஆனாலும் உலக்கைப்பாலை, காசா, வீரை இவையெல்லாம் கோடையிலும் இலை உதிர்க்காது. சிறிய, தடித்த, தோல் போன்ற இலை. தண்ணீரைச் சுலபத்தில் விடாது.

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. கோசன் என்ற பிரெஞ்சு அறிஞரின் முறைப்படி, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து தாவர வரைபடங்கள் போட்டார்கள். கன்னியாகுமரிப் படம் 1961-ல் வந்தது. சென்னைப் படமும் பின்னால் வந்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 10 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் நாலு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்!

கோசன் சொன்ன கணக்கு ஒன்று உங்களுக்கும் உதவும். ஒரு மாதத்தின் சராசரி வெப்பத்தை இரட்டியுங்கள். 32 டிகிரி என்றால் 64. அந்த மாத மழை 64 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம். இப்படி எத்தனை வறண்ட மாதம் என்று எண்ணி, மழை, மண், நிற்கும் மரம் எல்லாம் சேர்த்து, மனுஷன் கை வைக்காமல் விட்டால் அந்த இடம் எந்தக் காடாகும் என்று வரைந்தார்கள். கரையோரத்துக்கு உலக்கைப்பாலையும் பொரசும்; உள்ளே போனால் அரப்புத்தூள் தருகிற உசிலையும் வேல மரமும்.

சரி, அழிந்த காட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மிச்சத்தை வைத்துத்தான். கோயில் காடு, காப்புக் காடு, அங்கங்கே தப்பி நின்ற மரங்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில், 1971 முதல் ராக்கெட் ஏவும் தளத்துக்குள்ளே, இந்த வகைக் காடு இன்னும் பெரிதாக நிற்கிறது. நம் பக்கத்திலோ வயலானது கொஞ்சம், சவுக்கும் தைலமரமும் ஆனது கொஞ்சம், சிப்காட் தொழிற்பேட்டை ஆனது கொஞ்சம். புறம்போக்கில் சீமைக் கருவேல். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த முள்ளைத்தான் நம் பிள்ளைகள் ஊர் மரம் என்று நினைக்கிறார்கள்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஊர் ஓரத்தில் அம்மன் கோயிலைச் சுற்றி நாலு பழைய மரம் நிற்கிறதே, அதை 'சும்மா கிடக்கிற புதர்' என்று வெட்டிவிடாதீர்கள். படம் காகிதத்தில் இருக்கும். விதை அங்கேதான் இருக்கிறது. அது போனால் திரும்ப வளர்க்க எங்கே போவோம்?

வரப்போரம் மரம் வைக்க நினைத்தால் முதலில் அந்தத் தோப்பைப் போய்ப் பாருங்கள். உரமும் தண்ணீரும் ஊற்றாமல் நிற்கிற மரம் எதுவோ, அது இந்த மண்ணுக்கு ஏற்றது. ஆடியில் நாவல் பழம் உதிரும்போது கொட்டையைக் காயவிடாமல் உடனே பையில் ஊன்றுங்கள். நாள் பட்டால் முளைப்புப் போய்விடும். உலக்கைப்பாலை மெதுவாகத்தான் வளரும். ஆனால் பழமும் தரும், உலக்கைக்குக் கட்டையும் தரும். நமக்கில்லாவிட்டாலும் பேரப்பிள்ளைகளுக்கு நிழல் தரும்.