அய்யப்பனும் கோஷியும்

2020 பிப்ரவரி 7 அன்று வெளிவந்த மலையாளத் திரைப்படம். எழுதி இயக்கியவர் சச்சி (கே. ஆர். சச்சிதானந்தன், 1972–2020). அய்யப்பன், கோஷி என்ற இரண்டு ஆண்களின் வீம்புச் சண்டையாகத் தொடங்கும் இப்படம், கேரள மலைநாட்டின் சாதி, நிலம், அதிகாரம் பற்றிய விமர்சனமாகவும் வாசிக்கப்படுகிறது.

இயக்குநர்: சச்சி கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவர். திரைக்கதையாசிரியர் சேதுவுடன் சேர்ந்து 'சாக்லேட்' (2007) உள்ளிட்ட படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். 'அனார்கலி' (2015) அவர் இயக்கிய முதல் படம். 'அய்யப்பனும் கோஷியும்' இரண்டாவதும் கடைசியும்.

களம்: பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, கோவையை ஒட்டிய மலைப்பகுதி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் இங்கு 1951இல் மக்கள்தொகையில் சுமார் 90 விழுக்காட்டினர் பழங்குடியினர். குடியேற்றத்தால் 2001இல் அது ஏறத்தாழ 41 விழுக்காடாகச் சரிந்தது. பெண்களின் போராட்டத்துக்குப் பின் 1990களில் மதுவிலக்கும் வந்தது. கோஷியின் ஊரான கட்டப்பனை இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. திருவிதாங்கூர் விவசாயிகள் மலையேறி வளமாக்கிய ஏல, மிளகு நாடு.

வாசிப்பு: மதுவிலக்குப் பகுதிக்குள் பாட்டில்களோடு சிக்குகிறான் செல்வாக்குள்ள கோஷி. காவலில் அவன் மதுவுக்காகக் கெஞ்ச, பறிமுதலான பாட்டில் திறக்கப்படுகிறது. அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்தே உதவி ஆய்வாளர் அய்யப்பன் நாயரின் வேலைக்கு உலை வைக்கிறான். சட்டம் மீறியவன் கையில் அதே சட்டம் ஆயுதமாகிறது. 'நாயர்' என்ற ஆதிக்கச் சாதிப் பெயரும், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த தாய் எதிர்ப்பாக மகனுக்குச் சூட்டியதே. கதையில் முதலில் வேலை பறிபோகிறவர்களில் பெண் காவலர் ஜெஸ்ஸியும் ஒருத்தி. ஆண்களின் சண்டைக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதைப் படம் மறக்கவில்லை. எனினும், பழங்குடியினர் உரிமைக்காக நிற்கும் கண்ணம்மா அய்யப்பனின் மனைவியாகவே பெரிதும் வருகிறாள். நிலப் பறிப்பு கதையின் மையத்துக்கு வரவில்லை.

தாக்கம்: தெலுங்கில் 'பீம்லா நாயக்' (2022) ஆனபோது தலைப்பில் ஒருவரே மிஞ்சினார். மூலத் தலைப்பின் இரண்டு 'உம்'களும் இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தியவை. அந்தச் சமநிலை அங்கே போயிற்று.

விருதுகள்: 68ஆவது தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர், துணை நடிகர் (பிஜு மேனன்), பின்னணிப் பாடகி, சண்டைக் காட்சி என நான்கு கிடைத்தன. சச்சி அதற்கு முன்பே, 2020 ஜூன் 18இல், காலமாகியிருந்தார். தமிழ்க் காதுக்கு அந்நியமாகாத இருளர் மொழியில் பாடிய அட்டப்பாடியின் நஞ்சியம்மா, 2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவரிடம் விருது பெற்றார்.