பொது நூலகமும் இலவச இணையமும்

நூலகம் என்பது நூல்களை அடுக்கிவைக்கும் கட்டடம் மாத்திரமன்று. அறிவைத் தேடி வருவோருக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கும் பொது நிறுவனம் அது. பாடக்குறிப்புகள் முதல் தொழில் விண்ணப்பங்கள் வரை இணையத்திற்கு இடம்பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், கம்பியில்லா இணைய இணைப்பையும் நூலக சேவையின் ஓர் அங்கமாகவே நாம் கருத வேண்டியுள்ளது.

'வைபை' தொழில்நுட்பத்திற்கான முதலாவது நியமம் 1997 இல் வெளியிடப்பட்டது. 2002 இல், நியூயோர்க் பொது நூலகத்தின் பின்புறமுள்ள பிரயன்ட் பூங்காவில், தன்னார்வக் குழுவொன்றின் முயற்சியால் இலவச இணைப்பு வழங்கப்பட்டது. சிங்கப்பூர் அரசாங்கம் 2006 டிசம்பரில் பொது இடங்களுக்கான இலவச சேவையை நாடளாவிய ரீதியில் ஆரம்பித்தது.

எமது நாட்டில், 2015 ஜனாதிபதித் தேர்தலின்போது அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கமைய, அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் 26 பொது இடங்களில் இத்தகைய சேவை தொடங்கப்பட்டது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதனை நடைமுறைப்படுத்தியது. எனினும், அன்று அறிவிக்கப்பட்ட இடங்களை நம்பி இன்று பயணம் மேற்கொள்வது உசிதமன்று. நூலகரிடமோ உள்ளூராட்சி சபையிடமோ முன்கூட்டியே விசாரித்துச் செல்வதே சிறந்தது.

இணைப்பின் சரியான பெயரையும் நூலக ஊழியரிடமே கேட்டறிதல் வேண்டும். அதே பெயரில் போலி இணைப்பொன்றை எவரும் இலகுவில் உருவாக்கிவிடலாம். பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு அனுப்பப்படும் இரகசிய இலக்கத்தைப் பதிந்த பின்னரே இணைப்புக் கிடைக்கும். வங்கிக் கடவுச்சொல்லை அங்கு கோரினால் உடனடியாக விலகிவிட வேண்டும். பணக் கொடுக்கல் வாங்கல்களைப் பொது இணைப்பில் தவிர்ப்பதே பாதுகாப்பானது. பூங்காக்களில், இணைப்பு வழங்கும் கருவிக்கு அண்மையில் அமர்ந்தால் வேகம் கூடும். சுவர்களும் அடர்ந்த மரங்களும் அலைகளைப் பலவீனப்படுத்தக்கூடியவை.

கொவிட் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 இல், ஊவா மாகாணத்தின் குக்கிராமமொன்றைச் சேர்ந்த மாணவர்கள் இணைய வகுப்புக்காகக் காடு கடந்து பாறை உச்சிக்கு ஏறியமையை நாம் மறந்துவிடலாகாது. இணையமின்மை ஏழை மாணவனின் கல்வியையே பறிக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திறப்புவிழா நடத்துவது இலகு; சேவையைத் தொடர்ந்து பேணுவதே கடினம். மாதாந்தக் கட்டணத்திற்கும் கருவிகளின் பராமரிப்புக்கும் உள்ளூராட்சி சபைகள் தமது வரவு செலவுத் திட்டங்களில் நிதி ஒதுக்க வேண்டும். இணைப்பின் பெயரையும் சேவை நேரத்தையும் நூலக வாயிலில் மும்மொழிகளிலும் காட்சிப்படுத்துவதற்கு எவ்விதப் பெருஞ்செலவும் ஏற்படப்போவதில்லை. அதையேனும் சம்பந்தப்பட்டோர் தாமதமின்றிச் செய்ய முன்வரவேண்டும்.