தொய்வும் குளிசையும்: ஒரு மருந்தின் சமூக வரலாறு

மருந்தின் வரலாற்றை ஆய்வுகூடத்தின் வரலாறாக மட்டுமே எழுதிவைப்பது நெடுங்கால வழக்கம். அறிஞர் ஒருவர் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார், நோய் ஒழிந்தது, மானிடம் மகிழ்ந்தது என்ற அளவில் பாடநூல் முடிந்துவிடுகிறது. அம்மருந்தைச் செய்தவர் யார், விற்றவர் யார், அது எவருக்குக் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை, வேண்டாதவருக்கும் அது ஏன் கொடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் பாடநூலின் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். மூச்சு முட்டி நிற்கும் தொய்வு நோயாளியின் கையில் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை எவ்வாறு வந்து சேர்ந்தது?

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. அன்புவழிபுரம் முதலாகத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் தொய்வு பழகிப்போன நோய். முட்டு என்பர்; இழுப்பு என்பர். மூட்டை சுமப்பவரும், சீமெந்துத் தூசியில் நிற்பவரும், விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழிக்கும் பெண்களும் அதனை அறிவர். நாட்கூலிக்காரருக்கு ஓரிரவு மூச்சு முட்டினால் மறுநாட் கூலி போயிற்று. அரசினர் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்; ஆயினும் வரிசையில் நிற்கும் அரைநாள் இலவசமன்று. எனவே அவர் மருந்துக்கடைக்குச் செல்கிறார். 'நெஞ்சுச்சளி' என்கிறார். கடைக்காரர் இரண்டு நாளைக்கென்று சில குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் இட்டுக் கொடுக்கிறார். மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பது இலங்கையில் சட்டத்துக்கு மாறானது. ஆயினும் கடைகள் பல அவ்வாறு விற்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர்.

தொய்வுக்கு மருந்து தேடிய கதை பழையது. 1802ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து திரும்பிய ஜென்ட் என்ற ஆங்கிலப் படைத்தளபதி, ஊமத்தை வகையொன்றின் உலர்ந்த வேரைப் புகைத்துத் தொய்வைத் தணிக்கும் முறையைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். கும்பினியாரின் சென்னைத் தலைமை மருத்துவராயிருந்த அன்டர்சன் அவருக்கு அதனைக் காட்டியிருந்தார். அன்டர்சனோ அதனை இந்நாட்டு வழக்கத்திலிருந்து கற்றவர். பின்னர் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சுருட்டு நூறாண்டுக்கு மேலாக விற்பனையாயிற்று. ஊமத்தை நஞ்சு, அளவு மிஞ்சினால் உயிரைக் குடிக்கும். எனினும் அதிலுள்ள அற்றோப்பீன் என்னும் பொருள் சுருங்கிய சுவாசக்குழாயை விரிப்பது மெய்யே. அப்பொருளின் வழியில் ஆக்கப்பட்ட பாதுகாப்பான மருந்துகள் இன்றும் ஆஸ்பத்திரிகளில் புகையூட்டும் கருவியினூடாக வழங்கப்படுகின்றன. பெயர் அறியப்படாத நம் மூதாதையரின் பட்டறிவு அம்மருந்துகளின் அடியில் கிடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு நோயின் இயல்பை மேலும் தெளிவாக்கியது. சுவாசக்குழாய் சுருங்குவது நோயின் ஒரு கூறு மட்டுமே. குழாயின் உட்சுவர் நாட்பட அழன்று வீங்கியிருப்பதே அதன் வேர். சுருக்கத்தைத் தளர்த்தும் சல்பியூட்டமோல் 1969இலும், அழற்சியை அடக்கும் பெக்லோமெதசோன் உறிஞ்சுமருந்து 1972இலும் வழக்குக்கு வந்தன. இவற்றை முறையாகக் கொள்பவருள் பெரும்பாலோர் ஏனையோரைப் போலவே உழைத்து வாழ முடியும். தொய்வு திடீரென மிகுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது தடிமனை உண்டாக்கும் வைரசு. அல்லது தூசியும் புகையும். நுண்ணுயிர்க்கொல்லியோ பற்றீரியாவைக் கொல்வது. வைரசை அது தொடாது. சளி மஞ்சளாயிருப்பது மட்டும் பற்றீரியாவுக்குச் சான்றாகாது. தொய்வின் அழற்சிக் கலங்களும் சளிக்கு அந்நிறத்தைத் தரும். நிமோனியா போன்ற நோய் உண்டென்று மருத்துவர் கண்டாலன்றித் தொய்வுக்கு அக்குளிசையில் வேலையில்லை.

நுண்ணுயிர்க்கொல்லியை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மனித உழைப்பின் மாபெரும் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. 1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1940க்குப் பின் புளோரியும் செயினும் அவர்தம் தோழரும் ஒக்ஸ்போட்டில் அதனை மருந்தாக்கினர். 1943இல் சயரோகத்தை எதிர்க்கும் ஸ்திரெப்டோமைசின் வந்தது. 1948இல் வெளிவந்த ஓரியோமைசின், டெற்றாசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்து. அது கண்டுபிடிக்கப்பட்ட லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதர் அணிந்தமையால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாது வெளியேறியவர் அவர்.

இம்மருந்தை எவ்வாறு வழங்கவேண்டும் என்பதற்கும் சென்னையே ஒரு சான்று தந்தது. 1956இல் அங்குத் தொடங்கிய சயரோக மருந்தாய்வு நிலையம், ஏழை நோயாளரை நெரிசலான அவர்தம் வீடுகளிலேயே வைத்து ஓராண்டுக் காலம் மருந்து கொடுத்தது. சனற்றோரியத்தில் இருந்தவருக்குக் கிடைத்த குணம் அவர்களுக்கும் கிடைத்ததென 1959இல் அறிவித்தது. அங்கு மருந்து விலையின்றிக் கிடைத்தது; முழுக் காலத்துக்கும் கிடைத்தது; கண்காணிக்கவும் ஆளிருந்தது. கடையில் எண்ணிக் கொடுக்கும் உறைக்கு இம்மூன்றும் இல்லை. குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமி சாகாமல் எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று பிளெமிங் 1945இலேயே தம் நோபெற் பேருரையில் எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாவினால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று கணிக்கப்பட்டுள்ளது.

இத்துடன் இன்னொரு வினாவும் அண்மைக் காலத்தில் எழுந்திருக்கிறது. தொய்வைத் தீர்க்காத இம்மருந்து, தொய்வை உண்டாக்கவும் கூடுமோ? நம் குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் உணவிலுள்ள நாரைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை ஆக்குகின்றன. அவை உடலின் எதிர்ப்பாற்றலை அமைதிப்படுத்துவன. அவற்றின் பயன் நுரையீரல்வரை எட்டுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி பகைவனைக் கொல்லும்போது இந்த நட்பையும் சேர்த்துக் கொல்கிறது. 2012இல் கனடாவில் வெளியான எலி ஆய்வில், குட்டிப் பருவத்தில் அம்மருந்துண்ட எலிகளுக்குத் தொய்வு மிகுந்தது. வளர்ந்தபின் உண்டவற்றுக்கு அவ்வாறு மிகவில்லை. அந்நாட்டின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் 2000க்கும் 2014க்கும் இடையே கைக்குழந்தைகளுக்கு இம்மருந்து எழுதிக்கொடுப்பது குறைந்தது. அதே காலத்தில் ஒன்று முதல் நான்கு வயதுச் சிறுவரிடையே புதிதாகத் தோன்றும் தொய்வும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

வளர்ந்தோர் நிலை என்ன? பெருந்தொகையினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த சிலர், நுண்ணுயிர்க்கொல்லியை மிகுதியாக உண்டோரிடையே பிற்காலத்தில் தொய்வும் மிகுந்து காணப்படுவதாகக் கூறுகின்றனர். இங்கு நாம் நிதானம் இழத்தல் ஆகாது. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதனாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. இன்னும் பெயரிடப்படாத தொய்வினால் இருமும் ஒருவருக்கு 'சளி' என்று கூறிப் பலமுறை குளிசை கொடுக்கிறார்கள். ஈராண்டு கழித்தே அது தொய்வென்று அறியப்படுகிறது. பதிவேட்டில் குளிசை முன்னும் நோய் பின்னுமாக நிற்கும். உண்மையில் நோயே முந்தியது. எனவே வளர்ந்தோரைப் பொறுத்தவரை இது ஐயத்துக்குரிய தொடர்பேயன்றி நிறுவப்பட்ட காரணம் அன்று. ஆனால் எவ்வாறு நோக்கினும் குற்றம் ஒரே இடத்தில்தான் விழுகிறது. மருந்து நோயை உண்டாக்கியிருந்தால் அது கேடு. நோயை மறைத்து ஈராண்டைத் தின்றிருந்தால் அதுவும் கேடே.

அவ்வாறாயின் குற்றவாளி யார்? மக்களின் அறியாமை என்பார் உளர். அவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. இந்நாட்டின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

1934-35இல் மலேரியாக் கொள்ளை நோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டபோது ஊரூராய் மருந்தும் உணவும் சுமந்து சென்றவர்களுள் இடதுசாரி இளைஞர் முன்னின்றனர். அவர்களுள் ஒருவர் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. பிற்காலத்தில் அவரும், மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜக் கட்சியினருமான சேனக பிபிலேயும் நாட்டின் மருந்து வணிகத்தை ஆராய்ந்து 1971இல் அறிக்கையொன்று தந்தனர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்பட்டதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; பிபிலே அதன் முதல் தலைவரானார். இறக்குமதியாகும் மருந்துகள் ஏறத்தாழ 2,100இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர் நீங்கிப் பொதுப் பெயர் வந்தது. உலகச் சந்தையில் கேள்வி கோரி மொத்தமாக வாங்கியமையால் விலை வீழ்ந்தது.

வணிகம் வாளாவிருக்கவில்லை. 1974இல் நாட்டில் கொலரா பரவியது. டெற்றாசைக்கிளின் அவசரமாக வேண்டியிருந்தது. கூட்டுத்தாபனம் வேறோரிடத்திலிருந்து மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கூட்டுக்குளிசையாக்கித் தருமாறு இங்குத் தொழிற்சாலை வைத்திருந்த பைசர் நிறுவனத்தைக் கேட்டது, நிறுவனம் உடன்படவில்லை. கூடிய விலைக்கு மருந்தை விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. அந்நிறுவனத்துக்காக அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டமையையும் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சயா லாலும் எழுதிய கட்டுரை பதிந்துள்ளது. 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை போயிற்று. அதே ஆண்டில் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அவர் இங்கு நட்ட கொள்கை உலகெங்கும் வேர்விட்டது. விதைத்த நிலத்திலோ அது நீரின்றி வாடியது.

அக்கொள்கையை மீட்கப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பிறந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் எழுதப்படுவது. மருந்தோ கடையில் விற்கப்படுவது. 2022இன் நெருக்கடியில் அரசினர் ஆஸ்பத்திரிகளின் மருந்தறைகள் வெறுமையானபோது, ஏழை மீண்டும் கடைவாசலுக்கே தள்ளப்பட்டான்.

இப்போது முதல் வினாவுக்கு விடை கூறலாம். தொய்வுக்காரருக்கு உரிய உறிஞ்சுமருந்து நாள்தோறும் வேண்டுவது. அதற்குத் தொடர்ந்த வைத்தியமும், கருவியைப் பிடிக்கும் முறையைப் பொறுமையோடு கற்பிக்கும் ஒருவரும், தடையற்ற அரச வழங்கலும் வேண்டும். குளிசைக்கோ சில்லறைக் காசும் ஒரு கணமும் போதும். நேரமும் பணமும் இல்லாதவர் இரண்டாவதைத் தெரிகிறார் என்றால் அது அவரது அறியாமையன்று. அவருக்கு விடப்பட்ட தெரிவு அவ்வளவே.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை உண்டு. வைரசு வேறு, பற்றீரியா வேறு என்னும் பாடம் பரீட்சைத் தாளோடு முடியாமல் வீட்டு வாசல்வரை செல்லட்டும். உறிஞ்சுமருந்தைக் கண்டு 'பழகிவிடும்' என்று அஞ்சும் தாய்மாருக்கு அதன் உண்மையை எடுத்துரைப்போம். மருத்துவர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லியைக் கேளோம். எழுதியதை இடைநடுவில் நிறுத்தோம். இவற்றோடு ஊர்தோறும் மாலையிலும் திறந்திருக்கும் அரச மருத்துவ நிலையத்தையும், பொதுப் பெயரில் தட்டின்றிக் கிடைக்கும் மருந்தையும் உரிமையாகக் கேட்போம். உழைப்பவனின் மூச்சு விலைக்கு விடப்படும் பண்டமாய் இருக்கும்வரை, எந்த மருந்தும் தன் முழுப் பயனைத் தரப்போவதில்லை.