அன்னவாசற் பகுதியில் எருவிட்ட வரலாறு

அன்னவாசலைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். பெய்த மழை அதில் நெடுநாள் தங்குவதில்லை. அத்தகைய மண்ணில் நம் முன்னோர் நெல்லும் வரகும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தனர் எனின், அதற்குப் பெருங்காரணம் எருவேயாம். மக்கிய குப்பை மண்துகள்களைப் பிணித்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்; பயிருக்கு வேண்டும் சத்துக்களைச் சிறிது சிறிதாக ஈயும். இதனை உழவன் ஏட்டிற் கற்றிலன், ஆயினும் அறிந்திருந்தான். அறிந்திருந்தும் எருவிடாத காலங்கள் நேர்ந்தமை ஏன் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

திருக்குறளின் உழவு அதிகாரம் ஓரிடத்தில், மண்ணை நன்கு உழுது உணக்கினால் ஒருபிடி எருவும் வேண்டா என்கின்றது; அடுத்த குறளிலோ உழுதலினும் எருவிடுதல் நன்று என்கின்றது. இஃது முரணன்றோ என்று மாணாக்கர் ஆண்டுதோறும் வினவுவர். உழுது உணக்குதற்கு உழவனது உழைப்பும் ஓரிணை மாடும் போதும்; எருவிற்கோ தொழுவமும், கண்மாயும், தழை ஒடிக்கக் காடும் வேண்டும்; இவை கிட்டாதார்க்கு முன்னது, கிட்டியார்க்குப் பின்னது என்பது என் விடை. உரையாசிரியர்கள் இங்ஙனம் உரைத்திலர். பிழையாயின் புலவர்கள் பொறுத்தருள்க.

நம் பக்கத்து எரு நான்கு வழியாய் வந்தது. தொழுவத்துக் குப்பை ஒன்று. கோடையில் வயலிலே ஆட்டுக்கிடை போடுதல் மற்றொன்று. கொழிஞ்சி, ஆவாரை, புங்கு முதலியவற்றின் தழை மூன்றாவது. இவற்றுள் கொழிஞ்சி தன் வேர்முடிச்சுக்களால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணிற் சேர்ப்பது. நான்காவது கண்மாய் வண்டல். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள. அருகேயுள்ள சித்தன்னவாசற் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கின்றது. அக்குளத்தில் யானைகளும் மாடுகளும் மீன்களும் காணப்படுகின்றன. சமண நூற்பொருள் பற்றியது அவ்வோவியம். எனினும் என் கண்ணுக்கு அஃது நம்மூர்க் கண்மாயாகவே தோன்றும். மாடு படிந்த குளத்தின் சேறு வெறுஞ்சேறன்று.

இனி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நிலவிய அமானி முறையை நோக்குவோம். நிலத்தின் விளைவை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. கதிர் முற்றியும் அதிகாரிகள் வந்து பார்வையிடும்வரை அறுத்தல் கூடாது. களவு போகாதபடி காவலும் வைக்கப்படும். பத்து வண்டிக் குப்பை அடித்து மிகுதியாய் விளைவித்தவனது நிலை யாது? வண்டியும் உழைப்பும் அவனுடையன. மிகுந்த விளைவிலோ ஒரு பங்கு அரண்மனையது. காலங்கடந்து அறுப்பதால் உதிரும் நெல்லின் நட்டமும் அவன் தலையில் விழும். அவன் கைந்நெகிழ்ந்ததை மடிமை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? 1878இல் நிர்வாகத்தை ஏற்ற சர் அ. சேஷய்யா சாஸ்திரியார் காலத்தில் இம்முறை நீக்கப்பட்டுப் பணத்தீர்வை வந்தது. மிகுதியாய் விளைந்தது விளைவித்தவனையே சேரும் என்னும் நிலை அப்பொழுதுதான் உண்டாயிற்று.

இக்கருத்திற்கு அயல்நாட்டறிஞர் ஒருவரும் துணையாவர். இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பெற்ற ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் ரசாயன அறிஞர் 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்நாட்டார் சாணத்தை வரட்டியாக்கி எரிப்பதற்குக் காரணம் அறியாமையன்று, விறகுப் பஞ்சமே என்று காட்டி, விறகுக்காகவே காடு வளர்க்கவேண்டும் என்றார்.

பின்னர் ஆலை உரம் வந்தது. 1906இல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கினர். அவ்வுரம் வேண்டா என்று யாம் கூறவில்லை. விளைவைப் பெருக்கியது அதுவே. ஆயினும் கோயம்புத்தூரில் 1909 முதல் நடைபெற்றுவரும் நிலையான உரப்பரிசோதனையில், தொழுவுரம் பெற்ற பாத்திகளின் மண்ணிற் கரிமச்சத்து மிகுந்து நிற்பது கண்டறியப்பட்டது. மூட்டை உரம் பயிரை ஊட்டும். செம்மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் வலிமையை அஃது மாத்திரம் தாராது. தழை ஒடித்த காடுகள் பலவும் இன்று தைலமரத் தோப்புக்களாய் நிற்கின்றன. உழவுமாடும் அருகிவிட்டது. எஞ்சியது வண்டல் ஒன்றே.

அவ்வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டரசு 2017இல் இசைந்தது. நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் என்பது அளவு. 2024இல் வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்றும் ஆயிற்று. மண்ணுக்கு விலையில்லை; வண்டிக்கு உண்டு. என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் சென்ற கோடையில் தம் ஓரேக்கர்ப் புன்செயிற் பாதிக்கே வண்டல் அடித்தார். மழை நின்றபின் அப்பாதியிலிருந்த கடலைச்செடி சில நாள் கூடுதலாய் வாடாமல் நின்றதை யானே வரப்பில் நின்று கண்டேன். மறுபாதிக்கு வருங்கோடையில் அடிக்கவேண்டும் என்கிறார். வண்டி வாடகைக்குப் பணம் இன்னும் சேர்ந்தபாடில்லை.