தானே ஆறும் தார்ச்சாலை

தார்ச்சாலையில் விழும் மயிரிழை விரிசல்கள் வெயிலில் ஓரளவு தாமே கூடிவிடும். இளகிய தார் இடைவெளிக்குள் ஊர்ந்து ஒட்டிக்கொள்ளும். வேப்பந்தட்டை போன்ற ஊர்களின் வெயில் இதற்குத் தோதுதான். ஆனால் ஆறுவதற்கு இடைவேளை வேண்டும்; சிமெண்ட் லாரிகள் ஓயாத அரியலூர்ச் சாலைகளுக்கு அது வாய்ப்பதில்லை. பழையதாகி இறுகிய தாருக்கோ திறனே குறைந்துவிடும்.

அதனால் தார்க்கலவையில் எஃகு இழைகளைச் சேர்க்கிறார்கள். மின்காந்தச் சுருள் பூட்டிய வண்டி மேலே நகரும்போது இழைகள் சூடேறிச் சுற்றியுள்ள தாரை இளக்குகின்றன. நெதர்லாந்தின் ஏ58 நெடுஞ்சாலையில் 2010இல் இக்கலவை போடப்பட்டது. எஃகு ஆலைக் கசடும் நுண்ணலையில் நன்கு சூடேறுவதால், ஜல்லிக்குப் பதில் அதையே இடும் ஆய்வுகள் நடக்கின்றன. சூரத்தை அடுத்த ஹசிராவில் 2022இல் அமைந்த கசடுச் சாலை வேறு வகை: கசடு அங்கே உறுதிக்காகவும் மலைக்கல்லை மிச்சப்படுத்தவும்தான்.