இருமல், மூக்கடைப்பு மருந்துகள்

ஃபுளூ காய்ச்சலில் இருமலையும் மூக்கடைப்பையும் தணிக்கத் தரப்படும் மருந்துகள் நோயைக் குணமாக்குவதில்லை; உடல் வைரஸை வெல்லும்வரை தொல்லையைக் குறைப்பது மட்டுமே அவற்றின் வேலை. வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் ஓசல்டாமிவிர் வேறு வகை மருந்து. ஆன்டிபயாடிக்குகள் ஃபுளூ வைரஸை ஒன்றும் செய்யா.

மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதால்தான் பெரும்பாலும் மூக்கு அடைக்கிறது. அக்குழாய்களைச் சுருக்கும் சூடோஎஃபெட்ரின் நன்கு வேலை செய்யும் மருந்து. ஆனால் அதிலிருந்து மெத்தம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதால், அமெரிக்கா 2006இல் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அங்கே அதன் இடத்தைப் பிடித்தது ஃபினைலெஃப்ரின். விழுங்கிய ஃபினைலெஃப்ரினில் பெரும்பகுதி இரத்தத்தில் கலக்கும் முன்பே சிதைந்துவிடுகிறது. வாய்வழி உட்கொள்ளும்போது அதனால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகக் கூறியது. அப்படியிருந்தும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் அது சேர்க்கப்பட்டிருப்பது வருத்தத்துக்குரியது. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் பலன் தரும். பல நாள் தொடர்ந்து விட்டால் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் தருவார்கள். இருமலைத் தூண்டும் மூளைப் பகுதியை அது அடக்குகிறது. சளியை இளக்க புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் உண்டு. பாட்டிமார் கஷாயம் வைத்த ஆடாதொடையின் இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடியொற்றி உருவாக்கப்பட்டதே புரோம்ஹெக்சின். அது உடலில் மாற்றமடையும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். எனினும் இருமல் சிரப்புகளின் பலனுக்கான சான்றுகள் வலுவானவை அல்ல.

ஜலதோஷ மாத்திரைகளில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமால் மாத்திரை போட்டால் அளவு மிஞ்சிக் கல்லீரல் கெடக்கூடும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு கலந்திருந்தது. அதையடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைத் தரவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இருமலைத் தணிக்கத் தேன் கொடுக்கலாம். அதற்கு முன் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருந்துக்கடைக்குப் போகாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.